தொண்ணூறுக்கு வரட்டும்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. பல்லியை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பெட்டிக்குள் நல்ல சூடு இருக்கிறது என்று கண்டுபிடித்துத்தான் அது அங்கே போய் முட்டையிட்டிருக்கிறது. பல்லிக்குத் தெரிந்தது எங்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் பரவாயில்லை, தெரிந்த மாதிரி நாலு பேர் நடுவில் பேசினார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாயிரத்து ஆறாம் வருடம் எனக்கு வந்த அந்தக் குமட்டல் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அப்பா பெயர் லூக்காஸ். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். கொழுந்து தொழிற்சாலைக்குள் நுழைந்ததிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும் வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. தூள் காய்கிற டிரையருக்கு முன்னால் அவர் நின்றால் தோட்டத்தை நடத்துகிற துரைகூட ஓர் அடி தள்ளித்தான் நிற்பார். உள்ளே போகிற காற்று இருநூறு டிகிரி, வெளியே வருகிற காற்று நூற்று முப்பது. கூடினால் தூள் கருகும், குறைந்தால் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். இந்தக் கணக்கில் அப்பா கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய டிகிரி எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன பாரன்ஹைட். எங்கள் தோட்டத்தில் வேறு டிகிரி கிடையாது. காய்ச்சல்கூட நூற்றிரண்டு, நூற்றுமூன்று என்றுதான் வரும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் தொழிற்சாலைக்கு நேர் பின்னால் இருந்தது. தூள் சலிக்கிற அறையின் காற்றாடிகள் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துத்தான் துப்பும். தேயிலைப் பஞ்சு என்று ஒன்று இருக்கிறது, பூனைமுடி மாதிரி பழுப்பு நிறத்தில் பறக்கும். கொடியில் காய்கிற துணியில் ஒட்டும், சீனிப் போத்தலுக்குள் போகும், சுவரில் இருக்கிற இயேசுவின் படத்துக்குத் தாடிமேல் தாடி வளர்க்கும். அம்மா பவுலினா நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பாள். கொம்பியூட்டருக்குள் யார் கைவிட்டுத் துடைப்பது?

பதுளையில் நான் கொம்பியூட்டர் டிப்ளோமா முடித்த சந்தோசத்தில் அப்பா அதை வாங்கித் தந்தார். வாங்கியதோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் மூடுபனி வீட்டுக்குள் வந்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிடும். சப்பாத்தில் பூசணம், பைபிள் அட்டையில் பூசணம், அம்மாவின் கல்யாணச் சேலையில் பூசணம். அதனால் அல்மாரிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டு இரவும் பகலும் எரியவிடுவது தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளில் வழக்கம். அப்பா கொம்பியூட்டருக்கும் அதே மரியாதையைச் செய்தார். தோட்டத்துத் தச்சனைக் கூப்பிட்டுத் தனியாக ஓர் அல்மாரி அடிக்கச் சொன்னார். மேல்தட்டில் மொனிட்டரும் கீபோர்டும். கீழே கதவு போட்ட அறைக்குள் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில், அதன் காதோடு காதாக, ஒரு நாற்பது வாட் பல்ப். கதவுக்குப் பூட்டு, சாவி அப்பாவின் காற்சட்டைப் பையில்.

காலையில் அப்பா பூட்டைத் திறந்து, பெட்டியின் பொத்தானை அமுக்கி, மறுபடி பூட்டிவிட்டு பெக்டரிக்குப் போவார். அரைமணி நேரத்தில் கொம்பியூட்டர் தானாக அணைந்துவிடும். பிறகு அவர் மத்தியானம் சோற்றுக்கு வரும்வரை நான் கறுத்த மொனிட்டரில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

"குளுருதான் காரணம்," என்பார் அப்பா. "ஈரம் உள்ள எறங்குது. அதான் படுத்துக்குது."

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அப்பாவின் ஈரச் சொக்ஸை அந்த அல்மாரிக் கதவின் மேல் காயப்போடுவாள். நான் தட்டெழுதுகிற இடம் முழுக்க அந்த வாடைதான்.

வேறு நேரமாக இருந்தால் நானும் சகித்துக்கொண்டு போயிருப்பேன். அந்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி என்னை டெலிபோனில் கூப்பிட்டது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புகிற குரலைக் கேட்டு அப்படியே தட்டெழுதிக் கொடுக்கிற வேலை. வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒலிப்பதிவுகளை இன்டர்நெட்டில் அனுப்புவார்கள். பதினொன்றுக்குள் வீட்டிலிருந்தே தட்டெழுதித் திருப்பி அனுப்பவேண்டும். சரியாகச் செய்தால் வேலை, தங்குவதற்கு விடுதியும் உண்டு. செய்யாவிட்டால் எனக்கு வேறு வேலை தயாராக இருந்தது. அப்பா துரையிடம் பேசி வைத்திருந்தார். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில், அவருடைய கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், ஆயுள் முழுக்க மூக்குத் துடைத்துவிடுகிற வேலை. நான் அந்தப் பிள்ளைகளை வெறுக்கவில்லை. அப்பா பெக்டரி வாசலில் நின்று என்னை எட்டிப் பார்ப்பாரே, அதைத்தான் நினைக்கவே முடியவில்லை.

இரண்டு மணி நேரம் அணையாமல் ஓடவேண்டும், வேறொன்றும் வேண்டாம். அம்மாவை நச்சரித்து, அம்மா அப்பாவை நச்சரித்து, ஸ்டேசனுக்குக் கீழே கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிற ஷுக்ரியைக் கூப்பிட்டோம்.

ஷுக்ரியைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான். தொழில் தெரியும், மற்றபடி சுத்தம் என்றால் என்னவென்று தெரியாது. முதலில் கொம்பியூட்டரில் ஒரு சின்னப் புரோகிராமைப் போட்டான். மொனிட்டரின் மூலையில் ஓர் எண் தோன்றியது. எழுபத்திரண்டு.

"மூளைப் பகுதி இருக்கே தங்கச்சி, ப்ரொசெசர், அதுட சூடு இது. சும்மா இருக்கக்குள்ளயே எழுபத்தி ரெண்டு. அம்பதுக்குள்ள நிக்கணும். தொண்ணூறு வந்தா தானா நிப்பாட்டிக்கும், இல்லாட்டி எரிஞ்சிடும்."

பிறகு பெட்டியை வெளியே விறாந்தைக்குத் தூக்கிவந்து பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். கடவுளே. ப்ரொசெசருக்கு மேலே அலுமினியத் தகடுகள், அதற்கு மேலே விசிறி என்று அவன் காட்டினான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பளி மாதிரி இறுகிக் கிடந்த பழுப்புப் பஞ்சுதான். அதற்குள்ளே கரப்பான் கால்கள், கரப்பான் எச்சம், மூன்று பல்லி முட்டைகள். ஒன்று உடைந்து வழிந்து, தகட்டோடு வெந்து ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் மூடி வைத்துத் திறந்த மாதிரி ஒரு வாடை. ஷுக்ரி சுட்டுவிரலை விட்டுத் தோண்டித் தோண்டி, அம்மா கூட்டிவைத்த தரையில் சுண்டிவிட்டான். அம்மா தட்டில் வைத்த வடையை அதே விரலால் எடுத்துக் கடித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா வெளியே வந்தார்.

"என்னவாம்?"

"சூடு சேர். எழுபத்தி ரெண்டு. பல்பக் கழட்டிடுங்க, கதவத் தொறந்து வைங்க. இதைச் சுத்தம் பண்ணினா சரியாகிடும்."

அப்பா சிரித்தார். அது கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணிமாரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"எழுபத்திரெண்டு சூடா? தம்பி, பதுள டவுன் வெயிலே அதவிடக் கூட. நான் இருநூறு டிகிரிய மூஞ்சிக்கு நேர பாத்தவன். எழுபத்திரெண்டு டிகிரியில கொழுந்துகூட வாடாது, இரும்பு மெஷினு எரியுமா?"

"சேர், இது செண்டிகிரேட்."

"செண்டிகிரேட்டு எல்லாம் ஸ்கூல் புஸ்தகத்துல. மெஷினுன்னா பாரன்ஹைட்டுதான்."

ஷுக்ரி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாயில் வடையோடு, தரையில் கிடந்த பஞ்சைக் காலால் தள்ளிக் காட்டி, "உங்கட பெக்டரிப் பஞ்சு தான் சேர் எல்லாம். சூடு வெளிய போக வழியில்ல," என்றான்.

போச்சு. பஞ்சு வெளியே பறக்கிறது என்று துரை போன மாதம்தான் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் பெக்டரியில பஞ்சு வெளிய வராது! வெளிய போடா மொதல்ல!"

இதைச் சொல்லும்போது அவருடைய மீசையில் பஞ்சு இருந்தது. புருவத்தில் இருந்தது. காதுமடலில்கூட இருந்தது. ஷுக்ரி தன் திருப்புளியை எடுத்துக்கொண்டு, மிச்ச வடையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பஞ்சில் பாதி உள்ளேயே இருந்தது. கழற்றிய தகட்டைக்கூட அவன் பூட்டவில்லை. அப்பா பெட்டியைத் திறந்த வயிற்றோடு அப்படியே தூக்கி அல்மாரிக்குள் வைத்து, பல்பை அதற்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளி, பொத்தானை அமுக்கி, பூட்டி, சாவியைப் பையில் போட்டார்.

"இப்பத்தான் நல்லா சூடு ஏறும்," என்றார்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஷுக்ரியின் புரோகிராமைக் கிண்டிப் பார்த்ததில், எண்ணைச் செண்டிகிரேட்டிலும் காட்டலாம், பாரன்ஹைட்டிலும் காட்டலாம் என்று கண்டுபிடித்தேன். எனக்குக் கைதட்டவேண்டும் போல் இருந்தது. அவருடைய பாஷையிலேயே சொன்னால் புரியாமலா போகும்?

அன்று சாயங்காலம் அப்பா வந்து மறுபடி பொத்தானை அமுக்கினார். கணபதியும் கூட வந்திருந்தார். கணபதி பெக்டரியில் அப்பாவுக்கு அடுத்த ஆள். அப்பா தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனுசர்.

"அப்பா, இங்க பாருங்க. இப்ப எழுபத்தொன்னு காட்டுதா? இத உங்க பாரன்ஹைட்டுக்கு மாத்துறேன்," என்று சொல்லி அமுக்கினேன். எழுபத்தொன்று மறைந்து நூற்றறுபது வந்தது.

அப்பா துள்ளி எழுந்தார். "ஏய்! யாருடி சூட்டக் கூட்டச் சொன்னது?"

"கூட்டலப்பா. அதே சூடுதான்..."

"ஒரு நொடியில எம்பத்தொம்பது டிகிரி ஏத்திட்டு, அதே சூடுங்கிறா! எறக்கு! மெஷினு வெடிச்சிரும், எறக்குடி!"

"எறக்கிருங்கம்மா," என்று கணபதி கதவோரம் நகர்ந்து நின்றுகொண்டார். "எதுக்கும்மா வம்பு."

"அப்பா, ஒரு தடவ கேளுங்க. கொதிக்கிற தண்ணி உங்க கணக்குல இருநூத்திப் பன்னெண்டு, இதோட கணக்குல நூறு. அதுமாதிரிதான்..."

"எறக்குன்னா எறக்கு!"

நான் பழையபடி மாற்றினேன். எழுபத்தொன்று வந்ததும் இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள்.

"பாத்தியா கணவதி? ஒரு சத்தம் போட்டேன், எறங்கிருச்சு."

"ஐயா கொரலுக்கு மெஷினே பயப்படுதுங்க," என்றார் கணபதி. உண்மையாகவே அப்படிச் சொன்னார். வயது ஐம்பது இருக்கும், பிள்ளைகுட்டிக்காரர். அம்மாவைப் பார்த்தேன். அவள் சொக்ஸைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த இரவுச் சோற்றோடு அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். எழுபது டிகிரி பத்தாது. ஈரம் முழுக்கப் போகவேண்டுமானால் தொண்ணூறுக்கு வரவேண்டும். தொண்ணூறு வந்தால் கொம்பியூட்டர் குதிரை மாதிரி ஓடும். "தொண்ணூறு வந்தா தானா அணைஞ்சிரும்னு ஷுக்ரி சொன்னான்பா," என்றேன். அந்தப் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றார். பஞ்சைச் சுத்தம் செய்யச் சாவியைக் கேட்டேன். பொம்பளைப் பிள்ளை மெஷினில் கைவைத்தால் ஷாக் அடிக்கும் என்றார். அவர் காற்சட்டையைக் கழற்றிப் போடுகிற நேரம் பார்த்துச் சாவியைத் தேடினேன். தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தார். பெற்ற மகளை வைத்துக்கொண்டு ஒரு மனுசர் இப்படியும் படுப்பாரா?

சனிக்கிழமை காலையில் மூடுபனி வாசற்படி வரை வந்திருந்தது. அப்பா பெக்டரிக்குப் போகவில்லை. டிரையரை வேறு யார் கையிலோ கொடுத்துவிட்டு அவர் வீட்டில் நின்றது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கணபதியையும் வரச்சொல்லி, எனக்குப் பின்னால் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள்.

"பயப்படாம எழுது மகளே. அப்பா ராத்திரியே எல்லாம் சரி பண்ணிட்டேன்."

என்ன சரி பண்ணியிருக்கிறார் என்று அல்மாரிக் கதவின் இடுக்கைப் பார்த்ததும் தெரிந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நாற்பது வாட்டைக் கழற்றிவிட்டு நூறு வாட் பல்ப் போட்டிருந்தார். எனக்காகத்தான் செய்திருக்கிறார். பெக்டரி ஸ்டோரில் யாரையோ கெஞ்சி வாங்கி வந்து, நான் தூங்கின பிறகு மாட்டியிருக்கிறார். அவர்மேல் எனக்கு அந்த நேரத்தில் பாசம் வந்தது, அது வந்ததுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

ஒன்பதுக்கு ஒலிப்பதிவுகள் வந்தன. காதில் ஹெட்போனை மாட்டினேன். யாரோ ஒரு டாக்டர் ஒரு கிழவியின் நுரையீரலைப் பற்றி நிதானமாகப் பேசினார். நான் தட்டினேன். எனக்கு வரும், எனக்கு நன்றாகவே வரும் என்று பத்து வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கண் மூலையை விட்டு நகரவில்லை. எழுபத்தெட்டு. எண்பத்தொன்று.

"ஏறுது," என்றார் அப்பா, திருப்தியோடு.

"ஏறுதுங்க," என்றார் கணபதி.

"அப்பா, சாவியத் தாங்க. கொஞ்ச நேரம் கதவத் தொறந்து வைப்போம்."

"பாதியில தொறந்தா சூடெல்லாம் போயிரும். டிரையரப் பாதியில தொறப்பாங்களா? நீ எழுது."

எண்பத்து மூன்று. கொம்பியூட்டர் திணற ஆரம்பித்தது. நான் ஒரு சொல்லைத் தட்டினால் அது மூச்சு வாங்கி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுத்துகளைக் காட்டியது. டாக்டரின் குரல் விட்டு விட்டு வந்தது.

"அப்பா, கெஞ்சிக் கேக்குறேன். என் வாழ்க்கப்பா இது."

"தொண்ணூறுக்கு வரட்டும்மா. வந்துட்டா நிக்கும்."

நான் அழவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் கொடுமை ஒன்றும் இல்லை. தூள் நல்ல பதத்துக்கு வரும்போது டிரையர் வாசலில் நின்று பார்க்கிற அதே சந்தோசம். இந்த மனுசரை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் அம்மா குசினியிலிருந்து வந்தாள். கையில் தேங்காய் உடைக்கிற கத்தி. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அல்மாரிக் கதவின் மேலிருந்த சொக்ஸை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பூட்டு மாட்டியிருந்த தகட்டுக்குப் பின்னால் கத்தியைச் செருகி ஒரு நெம்பு நெம்பினாள். தச்சன் அடித்த ஆணிகள் சத்தமில்லாமல் கழன்று வந்தன.

உள்ளேயிருந்து சூடு முகத்தில் அறைந்தது. அதோடு வாடை. மிச்சமிருந்த பல்லி முட்டைகள் வெந்து, பஞ்சு கருகுகிற பதத்துக்கு வந்து, சொல்லவே கூசுகிறது. கணபதி மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்பா பொத்தவில்லை.

"அம்மா, இது சூடா இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? இல்லாட்டி இது மேலயா சொக்ஸ் காயப்போடுவேன்?"

இத்தனை மாதமும் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரைப் பார்த்து முதலில் கத்துவது என்று எனக்குப் புரியவில்லை.

"சூடாம் சூடு!" அப்பா முட்டி போட்டு உட்கார்ந்தார். "எங்க சூடு? கணவதி, நீயே பாத்துக்க. இங்க பாரு, தொட்டே காட்டுறேன்."

வலது கையின் மூன்று விரல்களை விசிறிக்குக் கீழே இருந்த அலுமினியத் தகட்டில் வைத்து அழுத்தினார்.

தொட்ட கணமே தோள் ஒரு தடவை குலுங்கியது. நான் பார்த்தேன், அம்மா பார்த்தாள், கணபதியும் பார்த்தார். கையை எடுத்திருக்கவேண்டும். எந்தக் குழந்தையும் எடுத்திருக்கும். அப்பா எடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது, நெற்றியில் வேர்வை பூத்தது. விரல்கள் தகட்டிலேயே இருந்தன.

"எப்படிங்க?" என்றார் கணபதி.

"குளுருதான்," என்றார் அப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்தும் காட்டினார்.

"அப்பா, கைய எடுங்க!"

எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. மூலையில் தொண்ணூறு என்று வந்தது, மொனிட்டர் கறுத்தது, விசிறி நின்றது. அப்போதுதான் அவர் கையை எடுத்துச் சட்டென்று காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா? நல்லா ஏறிக்கிட்டு இருந்துச்சு. ஆத்தாளும் மகளும் தொறந்தீங்க, படுத்திருச்சு."

"ஐயா அப்பவே சொன்னாருங்க," என்றார் கணபதி.

நான் தட்டியது எதுவும் மிஞ்சவில்லை. பெட்டியை விறாந்தைக்குத் தூக்கிப் போய், பனியில் வைத்து, சப்பாத்துப் பிரஷ்ஷால் பஞ்சைச் சுரண்டி எறிந்தேன். வெந்த முட்டை ஓடு என் நகத்துக்குள் போனது. கொம்பியூட்டர் மறுபடி எழும்பியபோது இன்டர்நெட் லைன் கிடைக்கவில்லை. லைன் கிடைத்தபோது பதினொன்று தாண்டிவிட்டது.

கொழும்புக்குப் போன் எடுத்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண் நல்லவள். வருகிற செவ்வாய்க்கிழமை நேரில் வந்து எங்கள் ஆபீசிலேயே உட்கார்ந்து எழுதுவதானால் எழுதுங்கள், அதற்குப் பிறகு இடம் இல்லை என்றாள். இதை நான் சொன்னபோது அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலது கை இன்னும் பைக்குள்தான்.

"கொழும்புக்கெல்லாம் வேணாம். இங்க ஒரு மெஷினையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. திங்கக்கெழம தொரையைப் பாக்குறேன். பிள்ளக் காம்பரா வேல இருக்கு."

அதற்குள் கணபதி வேலையைச் செய்து முடித்திருந்தார். டீமேக்கர் ஐயா பக்குவமாகச் சூடேற்றி வைத்த கொம்பியூட்டரை வீட்டுப் பொம்பளைகள் கதவைத் திறந்து கெடுத்துவிட்டார்கள் என்று பெக்டரி முழுக்கப் பரவி, தொழிலாளர் குடியிருக்கிற கீழ் லயம் வரை போய்விட்டது. தண்ணீர் பிடிக்க வந்த ஒருத்தி என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். எனக்கு அந்தத் தோட்டத்தின் மண், தண்ணீர், காற்று எல்லாமே குமட்டியது.

மத்தியானம் அம்மா சோறு வைத்தாள். அப்பா மேசையில் வந்து உட்கார்ந்தார். கையை வெளியே எடுக்காமல் சாப்பிட முடியாதே. மெல்ல எடுத்தார். மூன்று விரல் நுனியும் கொப்புளித்து, திராட்சைப்பழம் மாதிரி நீர் கோத்து நின்றன. இடது கையால் பிசையப் பார்த்தார், சோறு சிதறியது. அவர் எங்களைப் பார்க்கவில்லை.

அம்மா தன் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பானையையும் பருப்புச் சட்டியையும் பக்கத்தில் நகர்த்தினாள். கரண்டியால் சோற்றை அள்ளி, கொதிக்கிற பருப்பை அதன் மேல் ஊற்றி, ஆவி பறக்கப் பறக்க அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அப்பா வாயைத் திறந்தார்.

"சூடா இருக்குங்களா?" என்று கேட்டாள் அம்மா.

அப்பா கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி, விழுங்கினார். "இல்ல," என்றார்.

"நல்லது." அடுத்த கரண்டி வந்தது. "பிள்ள செவ்வாக்கெழம கொழும்புக்குப் போகட்டும்."

"அதெல்லாம் வே..."

கரண்டி உள்ளே போய்விட்டது. அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசைப் பஞ்சில் இறங்கியது.

"என்னங்க, சூடா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"அப்ப சரி." அம்மா மூன்றாவது கரண்டியை இன்னும் ஆழமாக, பானையின் அடியிலிருந்து எடுத்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரிதான் இருந்தது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது. "திங்கக்கெழம ராத்திரி ரயிலுக்கு ஏத்தி விடுவோமா? நானும் கூடப் போயிட்டு வரட்டுமா?"

கரண்டி அவர் உதட்டுக்கு முன்னால் ஆவிவிட்டுக்கொண்டு நின்றது. அப்பா கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அம்மாவும் கரண்டியை இறக்கவில்லை.

"ஊதிக் குடு," என்றார் அப்பா.

"என்னங்க?"

"சூடா இருக்கு பவுலினா. ஊதிக் குடு."

"பிள்ள போகட்டுமா?"

"போகட்டும். மொதல்ல ஊது."

அம்மா ஊதினாள். நான் எழுந்து உள்ளே போனேன். காலி அல்மாரிக்குள் அந்த நூறு வாட் பல்ப் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து என் சூட்கேஸை இழுத்து, அதன் மேலிருந்த பஞ்சைத் துடைத்தேன்.